அத்தியாயம் 5: மலைத் தண்ணீரில் ஆண், பெண், குஞ்சு

சென்னை கொளத்தூரில் மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டி வைத்துக் கப்பி வளர்ப்பவருக்கு ஹீட்டர் வாங்கும் அவசியமே வந்திருக்காது. வருடத்தின் பெரும்பகுதி அங்கே தண்ணீர் தானாகவே வெதுவெதுப்பாக இருக்கும். தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் சிறு மீன்களில் பெரும்பங்கு அப்படிப்பட்ட சமவெளித் தொட்டிகளில் பிறந்தவை. 'மூன்றாம் வாரம் ஆண் பெண் பிரி, நாலு வாரத்துக்கு ஒருமுறை குட்டி' என்று வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கும் அந்தத் தண்ணீருக்கு உரியதுதான். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கும் ஏற்காட்டில், மார்கழி இரவில் வெளியே 13 டிகிரி வரை இறங்கும்போது, அந்தக் கணக்கு செல்லாது. மீன் சாகாது, ஆனால் அதன் உடம்பில் எல்லாமே மெதுவாக நடக்கும். துடுப்பு வடிவம் மாறுவது, சினை பிடிப்பது, முட்டை பொரிவது எல்லாம் தள்ளிப்போகும். அதனால் இந்த அத்தியாயத்தில் நாள் கணக்கு சொல்லும் இடங்களில் அதை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் மீனின் உடம்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

முதலில் தண்ணீர்

சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற கடினமான பாறை, அதன் உச்சியில் பாக்சைட் மண். இந்தப் பாறையில் சுண்ணாம்புச் சத்து எளிதில் கரைந்து வராது. ஆகவே ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மென்மையாக இருக்கும், சோப்பு போட்டால் உடனே நுரைக்கும். மலையடிவாரத்தில் கதை வேறு. சேலத்துக்கு வடக்கே இருக்கும் வெள்ளைக் குன்றுகளைப் பார்த்துச் சுண்ணாம்பு மலை என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்தார்கள், உண்மையில் அது மேக்னசைட். அந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்கப் பாடுபட வேண்டும்.

மீன் வளர்ப்பவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். கப்பி, மாலி, பிளாட்டி, ஸ்வோர்ட்டெயில் போன்ற குட்டி போடும் மீன்களுக்குக் கடினமான தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். மலை ஊற்றுத் தண்ணீரில் விட்டால் சில வாரத்தில் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்று உடம்பை ஆட்டும். மாலி இதில் முதலில் விழும். ஒரு கைப்பிடி கிளிஞ்சலை நன்றாகக் கழுவி, பொடித்து, துணியில் முடிந்து ஃபில்டருக்குப் பக்கத்தில் போட்டு வைத்தால் போதும், தண்ணீர் மெல்ல கெட்டிப்படும். சீப்ரா, ரோஸி பார்ப், ஃபைட்டர் போன்ற முட்டையிடும் மீன்களுக்கு இந்த வேலை வேண்டாம். மலைத் தண்ணீர் அவற்றுக்கு அப்படியே பிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு, இது உயிர் போகும் விஷயம். காபித் தோட்டங்களில் இலைத்துரு நோய்க்கும், மிளகுக் கொடியில் வாடல் நோய்க்கும் போர்டோ கலவை அடிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலக் கரைசல் அது. மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு மீனுக்கு நஞ்சு. தண்ணீர் எவ்வளவு மென்மையோ அவ்வளவுக்கு அந்த நஞ்சு கடுமையாகும். மருந்து அடிப்பது பருவமழைக்குச் சற்று முன்பும் மழை ஓய்ந்த பின்பும் நடக்கும். அந்த வாரங்களில் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரையோ, தோட்டத்தை ஒட்டிய கூரையில் விழும் முதல் மழையையோ தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். மருந்து தெளிக்கும் பம்பைக் கழுவிய வாளி மீன் அறைக்குள் வரவே கூடாது. காபி அறுவடை நடக்கும் டிசம்பர், ஜனவரியில் பழத்தோல் நீக்கிய கழிவுநீர் கலந்த ஓடையும் ஆகாது. அது புளித்து, தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனைக் குடித்துவிடும்.

உயரம் கூடினால் காற்றழுத்தம் குறைந்து தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறையுமே என்று சிலர் கேட்பதுண்டு. குறையும்தான். ஆனால் குளிர்ந்த தண்ணீர் கூடுதல் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும். கடலோரத்தில் 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரும், ஏற்காட்டில் 20 டிகிரியில் இருக்கும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே அளவு ஆக்ஸிஜனைத்தான் வைத்திருக்கும். ஹீட்டர் போட்டால் மட்டும் அந்தச் சலுகை போய்விடும். ஹீட்டர் ஓடும் தொட்டியில் ஏர் பம்பும் ஓட வேண்டும்.

கப்பி

டிரினிடாட் தீவிலிருந்து இந்த மீனைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பியின் பெயர்தான் இதற்கு ஒட்டிக்கொண்டது. அவருக்கு முன்பே, 1859இல், ஜெர்மனியின் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் இந்த மீனுக்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். ஆனாலும் ஊர் வாயில் நின்றது கப்பிதான்.

வளர்ந்த கப்பியில் ஆண் எது என்று யாரும் கேட்பதில்லை. வண்ணமும் விசிறி வாலுமாக இருப்பது ஆண், உருவத்தில் பெரிதாகவும் வெளிறியும் இருப்பது பெண். கஷ்டம் குஞ்சில்தான். வண்ணம் ஏறும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அதற்குள் தங்கைகள் சினையாகிவிடுவார்கள்.

பார்க்க வேண்டிய இடம் இரண்டு. வயிற்றுக்குப் பின்னால், குதத் துடுப்புக்குச் சற்று மேலே ஒரு கருநிழல் தெரிந்தால் அது பெண். இதைச் சினைப்புள்ளி என்பார்கள். தண்ணீர் 26 டிகிரி இருந்தால் இரண்டாம் வாரத்திலேயே மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். அடுத்தது குதத் துடுப்பு. பெண்ணுக்கு அது கடைசி வரை முக்கோண விசிறியாகவே இருக்கும். ஆணுக்கு அது ஒடுங்கி, நீண்டு, பின்னோக்கிச் சாய்ந்த குச்சிபோல் ஆகும். அந்தக் குச்சிதான் இனச்சேர்க்கை உறுப்பு. துடுப்பு ஒடுங்கத் தொடங்கியதுமே ஆணை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும், அது குச்சியாக முடியும் வரை பொறுக்கக் கூடாது.

குஞ்சைக் கையில் எடுத்துப் பார்ப்பது வீண் வேலை. தட்டையான சிறு கண்ணாடிக் குடுவையில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, குஞ்சை விட்டு, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். கையில் ஒரு லென்ஸ் இருக்கட்டும். சினைப்புள்ளி பளிச்சென்று தெரிவது ஒரு குடுவை, துடுப்பு ஒடுங்குவது ஒரு குடுவை, இரண்டும் தெரியாதவை ஒரு குடுவை. மூன்றாவது குடுவையைச் சில நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லாமல் வளர்ந்த குஞ்சுகளில் இந்த மூன்றாம் குடுவை வெகுநாள் காலியாகாது, பதற வேண்டாம்.

இவ்வளவு அவசரம் எதற்கென்றால், பெண் கப்பி ஒருமுறை சேர்ந்தால் ஆணின் விந்தணுவைப் பல மாதம் உடம்பில் வைத்திருக்கும். ஆண் இல்லாத தொட்டியிலும் அடுத்தடுத்துக் குட்டி போடும். கடையில் வாங்கிய பெரிய பெண்ணை வீட்டில் உள்ள அழகான ஆணோடு விட்டு, பிறக்கும் குட்டி அவன் சாயலில் இல்லையே என்று வருந்துபவர்கள் நிறைய. அந்தக் குட்டிகளின் தகப்பன் பெரும்பாலும் கடைத் தொட்டியிலேயே இருப்பான். ஒரு நிறத்தை நிலைநிறுத்த நினைத்தால், ஆணையே பார்க்காத பெண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எந்த ஆணைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய ஓர் ஆராய்ச்சி உதவும். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தை நிறுவியது ஒரு பீர் ஆலை. அங்கே வேலை பார்த்த யோஹன்னஸ் ஷ்மிட், ஐரோப்பிய விலாங்கு மீன்கள் சர்காசோ கடலில் முட்டையிடுகின்றன என்று தேடிக் கண்டவர். அவரே 1920இல், ஆண் கப்பியின் முதுகுத் துடுப்பில் உள்ள ஒரு கரும்புள்ளி தகப்பனிடமிருந்து மகன்களுக்கு மட்டுமே போகிறது என்று காட்டினார். அவருக்குப் பின் ஓய்வின்ட் விங்கே அதை விரிவாக ஆராய்ந்து, கப்பியின் வண்ணங்களில் பல ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமில் இருக்கின்றன என்று நிறுவினார். வளர்ப்பவருக்கு இதன் பொருள் எளிது. உடல் வண்ணத்துக்குத் தகப்பனைப் பாருங்கள். தாயிடம் பருமன், நேரான முதுகெலும்பு, அகன்ற வால் அடி இவற்றைப் பாருங்கள். சில வண்ணங்கள் எக்ஸ் குரோமோசோமிலும் உண்டு. அவை பெண்ணிடம் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். ஆகவே ஒரு பெண்ணின் மதிப்பு அவள் மகன்களைப் பார்த்த பிறகே தெரியும்.

26 டிகிரியில் சினைக்காலம் நான்கு வாரத்தை ஒட்டி முடியும். 20 டிகிரிக்கு இறங்கினால் ஐந்து வாரத்தையும் தாண்டும். வயிறு பக்கவாட்டில் பார்க்கும்போது உருண்டையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. முன்பக்கம் செங்குத்தாக வெட்டியதுபோல் சதுரமானால் நெருங்கிவிட்டது. வெளிர் நிறப் பெண்ணில் சினைப்புள்ளிக்குள் குஞ்சுகளின் கண்கள் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அதற்கு முன்பே, ஒரு வாரம் இருக்கும்போது, தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். கடையில் விற்கும் சின்ன பிளாஸ்டிக் பிரசவப் பெட்டி எனக்குப் பிடிப்பதில்லை. பெண் மிரண்டு குறைக்குட்டி போடும். பத்து லிட்டர் தொட்டியில் ஜாவா பாசியை அடர்த்தியாகப் போட்டு, மேலே ஆகாயத்தாமரை வேரை மிதக்கவிட்டால் குட்டிகள் தாய் வாயில் சிக்காமல் ஒளிந்துகொள்ளும்.

ஸ்வோர்ட்டெயிலில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு, பெண் மீன் வயதானால் வாள் முளைத்து ஆணாகிவிடும் என்று. பெரும்பாலும் நடப்பது வேறு. சில ஆண்கள் வெகு தாமதமாகத்தான் பருவம் அடையும். அதுவரை பெரிய பெண்ணைப் போலவே இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் இந்தத் தாமதம் இன்னும் நீளும். நல்ல பருமனுள்ள இனம் வேண்டுமானால் இந்தப் பின்தங்கிய ஆண்களையே வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக வாள் முளைத்த குட்டை ஆண்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் சந்ததி சிறுத்துக்கொண்டே போகும். ஸ்வோர்ட்டெயிலையும் பிளாட்டியையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள், எளிதில் கலக்கும். அந்தக் கலப்பில் சில குட்டிகளுக்குக் கரும்புற்று வருவதை 1920களிலேயே கண்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்கே அந்த மீன்களைப் பயன்படுத்தினார்கள்.

முட்டையிடுபவை

ஹீட்டர் செலவில்லாமல் இந்த மலையில் மீன் பெருக்க நினைப்பவருக்கு என் பரிந்துரை மூன்று: ரோஸி பார்ப், ஒயிட் கிளவுட், கோல்டுஃபிஷ்.

ரோஸி பார்ப் வட இந்தியாவின் கெண்டை இனம், நம் ஊர்க் குளத்துச் சிறு கெண்டைக்கு உறவு. 18 டிகிரியிலும் உற்சாகமாகத் திரியும். பருவம் வந்த ஆண் செம்பு கலந்த சிவப்பாக மாறும், துடுப்பு ஓரங்களில் கருமை படரும். பெண் பொன்பச்சை நிறத்தில் வயிறு பருத்து இருக்கும். ஒயிட் கிளவுட் என்பது சீனாவில் குவாங்சோ நகரத்துக்கு அருகே வெண்முகில் மலை ஓடைகளில் கிடைத்த குட்டி மீன். கண்டெடுத்த சாரணத் தலைவர் டான் என்பவரின் பெயரையே 1932இல் அதன் பேரினப் பெயரில் சேர்த்தார்கள். மலை ஓடையில் வாழ்ந்த மீன் என்பதால் 16 முதல் 22 டிகிரி வரை அதற்குச் சொந்த ஊர் மாதிரி. ஆண் ஒல்லி, முதுகுத் துடுப்பு பெரிது, சிவப்பு அழுத்தம். பெண் வயிறு உருண்டு வெளிறி இருக்கும். நன்றாகத் தீனி போட்டால் தன் முட்டையையும் குஞ்சையும் அவ்வளவாகத் தின்னாது, ஒரே தொட்டியில் தலைமுறைகள் சேர்ந்து வாழும். கடைகளில் எப்போதும் இருக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டும்.

கோல்டுஃபிஷ்ஷில் வருடம் முழுக்கப் பார்த்தாலும் ஆண் பெண் தெரியாது. பருவத்தில் மட்டும் ஆணின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன் ஓரத்திலும் வெள்ளை முள் போன்ற புள்ளிகள் வரும். இதைப் புள்ளி நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுபவர்கள் உண்டு. நோய்ப் புள்ளி உடம்பெல்லாம் இறைந்து கிடக்கும், இது செவுளையும் மார்புத் துடுப்பையும் விட்டு நகராது. குளிர்காலம் முடிந்து தண்ணீர் மெல்லச் சூடேறும்போதுதான் இவை முட்டையிடும். சமவெளிக்காரர்களுக்குக் கிடைக்காத இந்தக் குளிரை ஏற்காடு இலவசமாகத் தருகிறது. மாசி, பங்குனியில் ஆண் பெண்ணை விரட்டத் தொடங்கினால் ஆகாயத்தாமரை வேரைக் கொத்தாக மிதக்கவிடுங்கள். ஒட்டும் முட்டைகள் அதில் படிந்ததும் வேரோடு எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

சீப்ரா மீனைப் பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் கங்கைப் பகுதி மீன்களைப் பற்றிய தன் நூலில் பதிவு செய்தார். இன்று உலகமெங்கும் ஆய்வகங்களில் வளரும் இந்த மீன் நம் நாட்டு ஓடைகளில் பிறந்தது. குளிரைத் தாங்கும், ஆனால் முட்டையிட 24 டிகிரிக்கு மேல் கேட்கும். கோடுகளுக்கு நடுவே பொன்மஞ்சள் தெரிந்தால் ஆண், வெள்ளிநிறம் தெரிந்து வயிறு பிதுங்கினால் பெண். மேலிருந்து பார்த்தால் இன்னும் சுலபம், பெண் நடுவில் அகலமாக இருக்கும். ஒரு வாரம் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்து உயிர்த் தீனி கொடுங்கள். பிறகு அரை அடி உயரத் தண்ணீரில், தரை முழுக்கக் கோலிக்குண்டுகளை இரண்டு அடுக்கு பரப்பி, மாலையில் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்று விடுங்கள். மறுநாள் முதல் வெளிச்சம் பட்டதும் முட்டையிடும், முட்டைகள் குண்டுகளுக்கு இடையே விழுந்து தப்பிக்கும். மதியத்துக்குள் பெரிய மீன்களை எடுத்துவிடுங்கள். கண்ணாடிபோல் தெளிவாக இருப்பவை நல்ல முட்டை, வெண்மையானவை சொத்தை. சொத்தையை டிராப்பரால் உறிஞ்சி எடுக்காவிட்டால் பூஞ்சை பரவும். 28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரியும், தண்ணீர் குளிர்ந்தால் நாள் கூடும்.

ஃபைட்டரை நீளமான துடுப்பை வைத்து மட்டும் பிரிக்காதீர்கள். குட்டைத் துடுப்பு ரக ஆண்கள் பெண் போலவே இருக்கும். வயிற்றுக்கு அடியில், குதத் துடுப்புக்கு முன்னால், உப்புக்கல் அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பெண். கண்ணாடி காட்டிச் சீண்டும்போது செவுளுக்குக் கீழே தாடிபோல் அகலமாக விரிந்தால் ஆண். பெண்ணின் உடம்பில் செங்குத்துப் பட்டைகள் தோன்றி, ஆண் நுரைக்கூடு கட்டியிருந்தால் சேர்க்கலாம். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், குஞ்சு தானாக நீந்தியதும் ஆணையும். இந்த மீனுக்கு ஏற்காட்டில் 27 டிகிரி ஹீட்டர் கட்டாயம், அதைவிடக் கட்டாயம் இறுக்கமான மூடி. மூன்று நான்கு வாரத்தில் குஞ்சு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கப் பழகும். அப்போது தண்ணீர் வெதுவெதுப்பாகவும் மேலே உள்ள காற்று பனிக்குளிராகவும் இருந்தால் கூட்டம் கூட்டமாகச் சாகும்.

ஏஞ்சலில் முட்டையிடும் நேரம் வரை ஆண் எது, பெண் எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறு குஞ்சு வாங்கி, தானாக ஜோடி சேரவிடுங்கள்.

சூடும் தீனியும்

ஒரு லிட்டருக்கு ஒரு வாட் என்று ஹீட்டருக்குக் கணக்கு சொல்வார்கள். அறையைவிட ஐந்து டிகிரி கூட்டுவதற்கு அது போதும். டிசம்பரில் இங்கே பத்து டிகிரிக்கு மேல் கூட்ட வேண்டும், அதனால் ஐம்பது லிட்டர் தொட்டிக்கு நூறு வாட் வாங்குங்கள். தொட்டியின் மூன்று பக்கத்திலும் அடியிலும் தெர்மாக்கோல் ஒட்டினால் மின்சாரம் போன இரவிலும் சூடு சட்டென்று இறங்காது. தண்ணீர் மாற்றும்போது குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாமல், முதல் நாளே வாளியில் பிடித்து வைத்துக் குளோரின் போகவிட்டு, சுடுதண்ணீர் கலந்து தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

முட்டையில் பிறந்த குஞ்சுக்கு முதல் நாட்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்தான் தீனி. வாழைப்பழத் தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நாற்றம் அடங்கித் தெளிந்த பிறகு அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குளிரில் இது தயாராக நாளாகும், மீன் முட்டையிடும் முன்பே ஊறவைத்துவிடுங்கள். அடுத்தது ஆர்ட்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களில் வாழும் அதே சிற்றுயிர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல் உப்பு போட்டு, முட்டையைக் கொட்டி, காற்று விட்டால் 28 டிகிரியில் ஒரு நாளில் பொரியும். ஏற்காட்டுச் சமையலறையில் அந்த பாட்டில் இரண்டு நாளானாலும் பாதிகூடப் பொரியாது. பாட்டிலை ஹீட்டர் உள்ள தொட்டிக்குள்ளேயே கழுத்தளவு அமிழ்த்திக் கட்டுங்கள், சிக்கல் தீர்ந்தது.

மிஞ்சும் ஆண்கள்

ஆண் பெண் பிரித்தால் ஆண்கள் எப்போதும் மிஞ்சும். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று ஏரியில் கொட்டிவிடாதீர்கள். ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் கிளியூர் அருவி வழியே கீழே போகும், அதோடு மீனும் போகும். தமிழ்நாட்டு ஏரிகளில் டேங்க் கிளீனர் மீன் பெருகி மீனவர் வலைகளைக் கிழிப்பதற்குத் தொட்டிகளைக் காலி செய்தவர்களே காரணம். மூடிய தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவருக்கோ சேலத்துக் கடைக்கோ கொடுத்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து மேலே கொண்டுவரும் ஆக்ஸிஜன் பை, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் ஏழில் ஒரு பங்குக்கு மேல் உப்பும். ஆகவே கடையில் பையைத் தெறிக்கும்படி ஊதாமல் கட்டச் சொல்லுங்கள். வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமாகும் வரை அவிழ்க்காதீர்கள், குளிர்காலத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். கீழே அனுப்பும்போது எல்லாம் தலைகீழ். பை சுருங்கித் தொய்யும், தண்ணீர் சூடேறும், மீனுக்கு ஆக்ஸிஜன் கூடுதலாகத் தேவைப்படும். அதனால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்ஸிஜன் என்று கட்டி, முதல் நாள் தீனி நிறுத்தி, வெயில் ஏறும் முன் முதல் பேருந்தில் அனுப்பிவிடுங்கள்.